சாம்பல் கலந்த உப்பு

மாவு மூட்டைக்கு அடியில் இருந்த சின்னப் பையை அவிழ்த்துப் பார்த்ததுமே கெசையா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். உப்பு. வெள்ளை வெளேரென்று உப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், கசக்கவே இல்லை. நியூஜெர்சிக் கரையில் மூன்று வருடமாக இப்படி ஒன்றை யார் கண்டார்கள்! மன்னரோடு சண்டை மூண்டு இங்கிலாந்துக் கப்பல்கள் நின்றதிலிருந்து, கடல்நீரைக் கொப்பரையில் காய்ச்சி எடுப்பதுதான் ஊருக்கெல்லாம் உப்பு. அது சாம்பல் நிறத்தில் ஈரமாக இருக்கும், அடிநாக்கில் கசக்கும். வெள்ளை உப்பு வேண்டுமென்றால், மன்னரின் படை பிடித்து வைத்திருக்கிற நியூயார்க்குக்குத்தான் போக வேண்டும்.

குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தான் அவள் கணவன் ஜாரெட்.

"இது ஏது?"

"மில்லுக்காரன் குடுத்தான்."

"சும்மாவா?"

"ஆமா, என் மூஞ்சி அழகப் பாத்துக் குடுத்தான். பன்னிய வெட்டித் தொங்கவிட்டாச்சு. உப்பு இல்லன்னா நாறிப்போகும். அப்புறம் குளிர் முடியற வரைக்கும் நாலு புள்ளைங்களுக்கும் என்னத்த ஆக்கிப் போடுவ? உன் கேள்வியையா?"

"ரெண்டு கன்னுக்குட்டிய எங்க வித்தீங்க?"

"நம்ம படைக்குன்னு சொன்னேன்ல?"

"நம்ம படையே உப்பில்லாம அழுதுட்டுக் கெடக்கு."

ஜாரெட் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான், மறுபடி அவிழ்த்தான். கெசையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தம்பி ஏமோஸ் புரூக்ளின் ஓரமாக நிற்கும் கைதிக் கப்பலில் சோறில்லாமல் செத்தவன். அவனைப் பட்டினி போட்டவர்களுக்கு இந்த வீட்டுக் கன்றுக்குட்டியா? பாவி மனுஷன்! பையை அப்படியே கிணற்றில் கொட்டிவிடலாமா என்று தூக்கினாள். கொட்டகையில் தொங்கிய பன்றி கண்ணில் பட்டது. பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அதைவிடப் பெரிய பயம் அடுத்த பண்ணையில் இருந்தது. அந்த வீட்டு சைலஸ், எதிரியோடு வியாபாரம் செய்கிறவர்களைப் பிடிக்கும் ஊர்க் கமிட்டியின் ஆள். போன மாதம்தான் ஓடைக்கரைக் குடும்பம் ஒன்றிடம் ஒரு மூட்டை வெள்ளை உப்பைக் கண்டுபிடித்து, மனிதனைச் சிறையில் தள்ளி, பெண்டு பிள்ளைகளைத் தெருவில் விட்டார்கள். அந்த மூட்டை என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை. சைலஸின் மனைவி ஹுல்டா மோப்பம் பிடிப்பதில் அவனையே மிஞ்சியவள். உப்பிட்ட இறைச்சிப் பீப்பாயைத் திறந்தால் முதல் துண்டைப் பக்கத்து வீட்டோடு உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கொடுக்காமல் இருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

கெசையா அடுப்புச் சாம்பலைச் சலித்து உப்பில் பிசைந்தாள். நிறம் அச்சு அசலாக வந்துவிட்டது. கசப்புக்குத்தான் எங்கே போவது?

மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் காலையில், கூப்பிடாமலே ஹுல்டா வந்து நின்றாள். கையில் துணி மூடிய தட்டு.

"எங்க பீப்பாயத் தொறந்தோம். நீயும் உன்னோடத வறுத்து எடுத்தா. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுருவோம்."

இவளே ஏன் வர வேண்டும்? பரண், மூலை, அடுப்படி என்று அவள் கண் மேய்வதைக் கெசையா பார்த்துக்கொண்டே இறைச்சியை வறுத்தாள். ஹுல்டா ஒரு துண்டை வாயில் போட்டாள். நாலு தடவை மென்றாள். தாடை நின்றது.

"எந்தக் கரை உப்புடி இது?"

"தெக்கால, அக்கா."

"நல்லா காச்சியிருக்கான். கசப்பே தெரியலியே."

விறகோடு உள்ளே வந்த ஜாரெட் வாசலிலேயே நின்றுவிட்டான். கெசையாவுக்கு ஓடைக்கரைப் பெண்ணும் பிள்ளைகளும் வண்டியில்லாமல் நடந்து போனது கண்ணுக்குள் வந்தது. வாய்க்கு வேலை கொடுத்தால் பேச வேண்டாமே என்று, ஹுல்டாவின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். கசப்பு வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தோல் பக்கம் கடித்தபோது பல்லிடுக்கில் என்னவோ நறநறத்தது.

அந்த நறநறப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக அவள் வீட்டுச் சாப்பாட்டில் பல்லில் அரைபடும் அதே அடுப்புச் சாம்பல்தான்.

நிமிர்ந்தாள். ஹுல்டா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த துணி அவள் கையில் முறுக்கி முறுக்கிக் கயிறாகியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த உப்பா இது, இல்லை ஓடைக்கரை மூட்டையா?

"உங்களோடதும் கசக்கல, அக்கா" என்றாள் கெசையா.

ஹுல்டா தன் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள். கெசையா தன்னுடையதை இந்தப் பக்கம் தள்ளினாள். ஜாரெட் விறகை இறக்காமல் வாசலிலேயே நிற்க, இருவரும் ஆளுக்கு இன்னொரு துண்டை எடுத்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி மெல்லத் தொடங்கினார்கள். அடுப்படியில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.