உன் பக்கம், என் பக்கம்

பட்டம் வாங்கிய மகளுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. எல்லாம் அம்மாவைத் திட்டித்தான்.

அம்மா பன்னிரண்டு வருடம் ஒரே பள்ளிக்கூட வேனை ஒரே பாதையில் ஓட்டியவள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிகள் கொண்டுபோகும் வண்டிக்கு ஆள் தேவை. நாளைக் காலை ஓட்டிக் காட்ட வேண்டும். போனில் வழி சொல்லும் செயலியைக் கேட்டுப் போகையில் இரண்டு திருப்பம் தப்பினால் வேலை கிடையாது.

மாமாவின் பழைய காரை இரவல் வாங்கிவந்து ஒவ்வொரு செயலியாகப் பார்த்தார்கள். முதலாவது, "தென்மேற்கு நோக்கிப் பயணிக்கவும்" என்றது.

"நான் ஓட்டுறது காரா, கப்பலாடி?"

மகள் அதை அழித்தாள். இரண்டாவது, தெரு முக்கைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவது நூறடிக்கு முன்பே தெளிவாக, "வலதுபுறம் திரும்பவும்" என்றது. அம்மா இடதுபுறம் ஒடித்தாள். அடுத்த முக்கிலும் அதே கூத்து.

"வலதுன்னு காதுல விழலையா? உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

"லைசென்ஸ் ஆபீஸ்ல கையக் காட்டித் திரும்பச் சொன்னாங்க, திரும்பினேன். இப்பவும் சோத்துக்கைப் பக்கம்தானே திரும்பினேன்?"

மகள் ஸ்டியரிங்கின் மேலிருந்த கைகளைப் பார்த்தாள். அம்மா சாப்பிடுவது இடது கையால். இருபத்து மூன்று வருடமாக எதிரே உட்கார்ந்து பார்த்த கை.

"வலதுன்னா சோத்துக்கைன்னு வாத்தியார் சொன்னார். இந்தக் கையால எழுதினேன்னு முட்டியிலயே போட்டார். ரெண்டாவதோட நின்னுட்டேன்."

அந்த வாத்தியார் மட்டும் எதிரில் வந்திருந்தால் மகளே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் போனை நோண்டினாள். நான்காவதாக ஒரு செயலி அகப்பட்டது. அதில் நம் குரலையே பதியலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிந்தாள்.

"உன் பக்கம் திரும்பும்மா." அது வலது. "என் பக்கம் திரும்பும்மா." அது மகள் உட்கார்ந்திருந்த இடது.

"ரொம்பக் கடுகடுன்னு இருக்கோ? மாத்திடவா?"

"வேண்டாம். இனிப்பாப் பேசினா யாரோ மாதிரி இருக்கும்."

மறுநாள் மதியம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"மேற்பார்வையாளர் உன் இடத்துல உட்கார்ந்திருந்தார். 'என் பக்கம் திரும்பும்மா'ன்னு நீ கத்தினதும் மனுஷன் பதறிட்டார், ரோட்டை விட்டுட்டு அவரைத் திரும்பிப் பார்த்துடுவேனோன்னு."

"அம்மா! வேலை?"

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டார். ஒரு திருப்பம்கூடத் தப்பல." அம்மா தண்ணீர்ச் சொம்பை இடது கையால் எடுத்தாள். "ஒண்ணு மட்டும் மாத்தணுமாம். போய்ச் சேர்ந்ததும் 'வந்தாச்சு, எறங்கித் தொலை'ங்கிறியே, அதைக் கொஞ்சம் மரியாதையாச் சொல்லக் கூடாதான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னுட்டேன்."