சின்னக் குழாய்கள்

காலையிலிருந்து நாலு மணி நேரமாக அந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றுபோகும் என்று சித்தி காத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொரு எண்ணும் சோதனைக்கான ஒரு பொய் லேபிள். பொய்ப் பெயர், பொய் முகவரி, அச்சடித்ததாக ஒரு பாவனை, அடுத்தது. நாற்பத்தோராயிரம் தாண்டிவிட்டது. ஒரு விக்கல்கூட இல்லை.

"நின்னுச்சா?" எதிர் மேஜையிலிருந்து குரல் வந்தது.

"எங்கண்ணே, குதிரை மாதிரி ஓடுது."

"நம்ம கண்ணு முன்னால நிக்காது. நாம பார்த்தா நல்ல பிள்ளையா இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் அதுக்குக் குணம் மாறும்."

சித்திக்கு நாற்பத்து மூன்று வயது. என்றோ அவளுடைய அக்கா மகள் இங்கே ஆறு மாதம் வேலை பார்த்தாள். அவள் "சித்தி" என்று கூப்பிட்டதை வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை பிடித்துக்கொண்டார்கள். அக்கா மகள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். சித்தி என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய புரோகிராம்கள் இன்னும் ஆஸ்பத்திரிகளிலும் கிடங்குகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர்களை மாற்றிவிட்டார்கள், புரோகிராம்களை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. புதிய கம்ப்யூட்டர்களில் இருப்பது வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம். அதற்கு யூனிக்ஸ் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு உட்கார்ந்திருந்தது. பழைய புரோகிராம் கேட்பதை வாங்கி, புதிய சிஸ்டத்துக்குப் புரிகிற மாதிரி சொல்லி, வந்த பதிலை யூனிக்ஸே சொன்னது போலத் திருப்பிக் கொடுக்கும். அந்த அடுக்கைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் இரண்டே பேர். கோளாறுகளைத் திருத்துவது சித்தி. சோதித்துக் குறை சொல்வது எதிர் மேஜைக்காரர். பன்னிரண்டு வருஷமாகக் குறை சொல்லியே அவருக்குக் குறை அண்ணன் என்று பெயர் வந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"தங்கச்சி, இன்னிக்கும் நின்னுருச்சு."

ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கவுன்டரில் உட்காரும் பெண் அவள். வாடிக்கையாளர் சேவைக்கென்று தனி எண் உண்டு. அங்கே கூப்பிட்டால் பாட்டு ஓடும். இந்தம்மா கம்ப்யூட்டரின் விலாப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஏதோ பழைய சீட்டில் இந்த எண்ணைப் பார்த்து, மூன்று வாரத்துக்கு முன்னால் நேராக இங்கேயே கூப்பிட்டுவிட்டாள். முதல் நாள் "மேடம்" என்றாள். மூன்றாம் நாள் "தங்கச்சி" ஆகிவிட்டது.

"எப்ப நின்னுச்சுக்கா?"

"பத்து அம்பதுக்கு. கையில குழாய வச்சுக்கிட்டு லேபிள் வரும் வரும்னு பார்க்கறேன், வரவே இல்ல. அணைச்சுப் போடறதுக்குப் பத்து நிமிஷம். அதுக்குள்ள மூணு குழாய் சேர்ந்துருச்சு. எது யாருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே, பேர் ஒட்டாத குழாயைக் கொட்டிடணும். கொட்டிட்டேன். ஒரு பாப்பா, மூணு வயசு. மறுபடி ஊசி போட்டாங்க. அவ அம்மா என்னைத்தான் பார்த்தா."

நின்ற நேரத்தைச் சித்தி ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

"ரெண்டு மெமோ வந்துருச்சு தங்கச்சி. கவனக்குறைவாம். மிஷின் நிக்குதுன்னு சொன்னா, உன் ஷிஃப்ட்ல மட்டும் எப்படி நிக்குதுன்னு கேக்கறாங்க. மூணாவது வந்தா கவுன்டர்ல இருந்து எடுத்துருவாங்க." குரல் தயங்கியது. "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. இங்க சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க."

"சொல்லுங்கக்கா."

"அது சின்னக் குழாய்க்குத்தான் நிக்குது. குழந்தைங்க குழாய்க்கு. காலையில என் ஷிஃப்ட்லதான குழந்தைங்க வார்டுல இருந்து வரும்? காலண்டர் தாள் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். பதினோரு தடவை நின்னுருக்கு. பத்து தடவை சின்னக் குழாய்."

குழாய் சின்னதா பெரிதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்த சித்தி, வேறொன்று கேட்டாள்.

"அந்தப் பதினொண்ணாவது?"

"அது ஒரு பெரியவர். ரோட்டுல மயங்கிக் கிடந்தவரை யாரோ கொண்டாந்து சேர்த்தாங்க. பேர் மட்டும்தான் தெரிஞ்சுது. அட்ரஸ் இல்ல, ஒண்ணும் இல்ல."

"குழந்தைங்க லேபிள்ல அட்ரஸ் போடுவீங்களா?"

"எங்க போடறது? அந்தக் குழாய் என் சுண்டுவிரல் அளவு. பேர், நம்பர். ரெண்டு வரிதான்."

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். தொலைபேசியின் சுருள் கம்பி இழுபட்டு பேனா ஜாடி கவிழ்ந்தது. "அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று வைத்தவள், ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்தி, பொய் லேபிள்களிலிருந்து முகவரியை எடுத்தாள். பெயர், நம்பர். மறுபடி ஓடவிட்டாள். குறை அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டில் எண் நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எண் நகரவில்லை.

"நின்னுருச்சு!" என்று குறை அண்ணன் கத்தினார். கரன்ட்தான் போய்விட்டதோ என்று காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இடம் தெரிந்த பிறகு கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. லேபிள் புரோகிராம் தானே அச்சடிப்பதில்லை. தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புரோகிராமைப் பெற்று, அதை அச்சடிக்க அனுப்பிவிட்டுத் தான் தூங்கும். வேலை முடிந்ததும் பிள்ளை வந்து கதவைத் தட்டும், தாய் விழித்துக்கொள்ளும். யூனிக்ஸில் இதெல்லாம் இயல்பாக நடப்பது. நடுவே இருந்த அடுக்கு, 'யாராவது தட்டினார்களா' என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு தாயைத் தூங்கவைத்தது. பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவே ஊசிமுனை அளவு இடைவெளி. நாலு வரி லேபிள் என்றால் பிள்ளை திரும்பி வர நேரமாகும். அதற்குள் தாய் படுத்திருப்பாள். இரண்டு வரி என்றால் பிள்ளை பறந்து வந்து, சரியாக அந்த இடைவெளியில் தட்டிவிடும். அந்தத் தட்டு யார் காதிலும் விழாது. தாய் படுத்துவிடுவாள். பிள்ளை எப்போதோ வந்துவிட்டது தெரியாமல், இன்னும் வரவில்லையே என்று காத்துக்கொண்டே இருப்பாள்.

"பாவம்" என்றார் குறை அண்ணன், திரையைப் பார்த்தபடி. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பார்ப்பதையும் படுப்பதையும் ஒரே காரியமாக்கினாள் சித்தி. எத்தனை வேகமாகத் தட்டினாலும் தட்டியது நினைவில் நிற்கும்படி செய்தாள். அடுக்கின் புரோகிராமில் புதிதாகப் பதினோரு வரி எழுதினாள், பழையதில் நாலு வரியை நீக்கினாள். வெள்ளிக்கிழமை மாலை சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்கவில்லை. புருஷனையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏறி வந்த லிஃப்டை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்கு எண்ணெய் விட்டு எத்தனை மாசமாச்சோ" என்று முணுமுணுத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐந்து லட்சம் லேபிள் ஓடியிருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

"பெரிய ஆளுதான் நீ" என்றான்.

"நான் இல்ல. அந்தக்கா சொல்லலன்னா நான் இன்னும் அட்ரஸோட ஓட்டிக்கிட்டிருப்பேன்."

"அப்ப அந்தம்மா பேரைப் போட்டு எழுதிக் குடு. நாங்க லிஃப்ட்டைச் சரி பண்ணினா, என்ன கோளாறு, எதனால வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி ஆளை ஏத்தவே விடுவாங்க."

திங்கட்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷன். திருத்தத்தைக் கேட்டதும் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"இதை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம் சார். கூடவே ஒரு குறிப்பு, இது நம்ம அடுக்குல இருந்த கோளாறு, அவங்க ஊழியர் மேல தப்பில்லைன்னு."

கை கொடுத்தவர் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். "அதை மட்டும் எழுத முடியாதே சித்தி. நம்ம தப்புன்னு எழுதினா நாளைக்கு வக்கீலோட வந்து நிப்பாங்க."

"அப்ப அந்தம்மா தப்பாவே இருக்கட்டுமா சார்?"

"அது அவங்க ஆஸ்பத்திரி விஷயம். நாம எப்படித் தலையிடறது?" பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "குறிப்புல என்ன போடறதுன்னு மேல கேட்டுக்கறேன். அதுக்கப்புறம் அனுப்பலாம்."

மேலே நாலு நாள் பேசினார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சித்தி போய்க் கேட்டாள். "வந்துடும், வந்துடும்" என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமை திருத்தம் ஆஸ்பத்திரிக்குப் போனது. குறிப்பில் இரண்டே சொற்கள் இருந்தன: பொதுவான மேம்பாடுகள்.

அன்று மத்தியானம் சித்தி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையாலேயே எழுதினாள். கோளாறு எங்கே இருந்தது, எந்த லேபிளுக்கு வந்தது, கவுன்டரில் யார் உட்கார்ந்திருந்தாலும் நின்றிருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சொன்னது கவுன்டர் ஊழியர்தான். கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குறை அண்ணன் கையை நீட்டி வாங்கிப் படித்தார்.

"மூணாவது வரியில ஒரு 'ப்' விட்டுப்போச்சு."

"கடவுளே! இதுலயுமா அண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குப் போற கடுதாசி. தப்பில்லாம இருக்க வேண்டாமா?" விட்டுப்போன ஒற்றைப் போட்டார். பிறகு தன் பேனாவாலேயே அவள் கையெழுத்துக்குக் கீழே, 'சோதித்துப் பார்த்தேன், உண்மை' என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார்.

"உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுதுண்ணே."

"ஆனா ஆகட்டும். பன்னெண்டு வருஷத்துல நீ எழுதினதுல நான் குறை சொல்லாம விட்டது இந்தத் திருத்தம் ஒண்ணுதான். அதையாவது எழுத்துல வைப்போம்."

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். பரிசோதனைக் கூடத்தின் முன்னால் மூன்று பெஞ்சு நிறைய ஆட்கள். கவுன்டருக்குப் பின்னால் நீல அங்கியில் ஒருத்தி. சித்தி ஆசையாகப் போய், "அக்கா, நான்தான்" என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பதுகூட இருக்காது. குரலும் வேறு.

"அவங்களா? போன புதன்கிழமையோட மாத்திட்டாங்களே. மூணாவது மெமோ. உள்ள கழுவற ரூம்ல இருப்பாங்க."

கூடத்தின் பொறுப்பாளர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். கடைசி வரிவரை பொறுமையாகத்தான் படித்தார்.

"ஆனா இப்ப மிஷின் நிக்கறதே இல்லையேம்மா?"

"ஆமா சார், சரி பண்ணிட்டோம். முன்னால நின்னது அவங்க தப்பில்லன்னு—"

"உங்க கம்பெனி குறிப்புல கோளாறுன்னே ஒரு வார்த்தை இல்லையே. இது உங்க சொந்தக் கடுதாசி. சரி, வாங்கி வச்சுக்கறேன்." இழுப்பறையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து, 'பெறப்பட்டது' என்று ஓரத்தில் ஒரு குத்து குத்தி ஃபைலில் சொருகினார்.

கழுவுகிற அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்ததும் சோப்பு வாடையும் வெந்நீர் ஆவியும் முகத்தில் அடித்தன. தொட்டிமேல் குனிந்திருந்த உருவம் திரும்பியது. ஒல்லியாக, உயரமாக, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து.

"அக்கா."

ஒரே சொல்லில் குரலைக் கண்டுகொண்டாள். "அடியாத்தீ, தங்கச்சியா! போன்ல கேட்டா குண்டா, தாட்டியா இருப்பேன்னு நினைச்சேன். இவ்வளவுதானா நீ?" ஈரக் கையை அங்கியில் துடைத்துவிட்டுச் சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உட்காரு, உட்காரு. இந்த ஸ்டூல்ல ஈரமில்ல."

சித்தி சின்னக் குழாயும் இரண்டு வரியும் எப்படிக் கோளாறைக் காட்டிக்கொடுத்தன என்று சொன்னாள். தாயும் பிள்ளையும் கதவு தட்டுவதும் வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் சொன்னது சரிதான்!"

"நூத்துக்கு நூறு சரிக்கா. நாலு நாள் முன்னாடியே அனுப்பியிருந்தா—" சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி விடு. அழாத. குழந்தைங்களுக்கு ரெண்டாவது ஊசி இல்லையே, அது போதும்." அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்த சிறிய ஜன்னல் திறந்தது. யாரோ ஒரு கம்பிக்கூடையைத் தள்ளிவிட்டு மூடினார்கள். கூடை நிறையச் சோதனை முடிந்த கண்ணாடிக் குழாய்கள். ஏற்கெனவே மூன்று கூடை வரிசையில் இருந்தது. "முன்னெல்லாம் லேபிள் மிஷின் நடுநடுவுல நிக்குமாம், இங்க இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்குமாம். இப்ப நிக்கறதே இல்லையே" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

கூடையை வெந்நீரில் இறக்கினாள். ஊறியதும் சுண்டுவிரல் அளவுக் குழாய் ஒன்றை எடுத்து, தண்ணீரில் சுருங்கிப்போன கட்டைவிரலின் நகத்தால், அதில் ஒட்டியிருந்த இரண்டு வரி லேபிளைச் சுரண்டத் தொடங்கினாள்.