தீராத ஜாடி

சிவப்பு மூடி போட்ட அந்தக் கண்ணாடி ஜாடி தீர்ந்துவிடக் கூடாது என்பதில் அந்த வீட்டில் இரண்டு பேர் குறியாக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் கோளாறு.

ஜாடியில் இருந்தது சாக்லேட் பால் பவுடர். வாண்டுவின் அம்மா வீட்டிலேயே செய்தது. வீட்டை விட்டுப் போவதற்கு முதல் நாள் கழுத்து வரை நிரப்பி வைத்துவிட்டு, "இது தீர்றதுக்குள்ள அம்மா வந்துடுவேன், சரியா?" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனாள். எங்கே போனாள், யாரோடு போனாள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இனி வரமாட்டாள் என்பதும் தெரியும். அதை அவளே ஃபோனில் புருஷனிடம் பட்டென்று சொல்லிவிட்டு, நம்பரையும் மாற்றிவிட்டாள். போகிறவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். பொய்யான வாக்கு ஒன்றை ஜாடியில் அடைத்து, குழந்தையின் கைக்கெட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போனால் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

வாண்டுவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, வீட்டில் வாண்டுதான். முதலில் தலை தட்டி ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டவள், ஜாடி பாதிக்கு இறங்கியதும் அரை ஸ்பூன் ஆக்கினாள். பிறகு ஸ்பூன் நுனியில் கிள்ளினாற்போல் எடுத்தாள். டம்ளரில் பால் வெள்ளையாகவே இருந்தது. குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. அத்தை என்றால் வாண்டுவின் அப்பாவுக்கு அக்கா. தம்பி குடும்பம் இப்படி ஆனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை. சுவரிலிருந்து பெயர்த்த ஒரு துண்டுக் காரையைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நிற்பார்கள். மெஷின் கிட்டத்தட்ட கொண்டுவந்துவிடும்; கடைசிச் சொட்டு அத்தையின் கண்ணில்தான் இருக்கிறது. அட்டையில் தடவி, காயவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் என்பாள். பழைய சுவர் எங்கே முடிகிறது, புதுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று வீட்டுக்காரனே தேடவேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடைக்கு வார விடுமுறையான ஒரு நாள், வாண்டு பள்ளிக்கூடம் போன பிறகு, அத்தை அலமாரியைக் குடைந்தாள். பால் பவுடர் இருந்தது, கோகோ பவுடர் இருந்தது, சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. ஈரம் சரியாகத் துடைக்காத மிக்ஸி ஜாரில் சர்க்கரையைப் போட்டு அரைத்ததில் முதல் ஈடு பசையாகி பிளேடில் அப்பிக்கொண்டது. மிக்ஸியைத் திட்டிவிட்டு, ஜாரைக் கழுவி அடுப்பருகே காயவைத்து மறுபடி ஆரம்பித்தாள். பொடித்த சர்க்கரை, பால் பவுடர், கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து, சூடேறாமல் விட்டு விட்டு ஓட்டி, சல்லடையில் சலித்தாள். பிறகு தன் வித்தையைக் காட்டினாள். வெள்ளைத் தட்டில் பழைய பொடி ஒரு துளி, பக்கத்தில் புதுசு ஒரு துளி. புதுசு வெளுத்திருந்தது. கோகோ சேர்த்தாள். கூடிப்போனது. பால் பவுடர் சேர்த்தாள். கடைசியில் இரண்டையும் பாலில் கரைத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். அசல் எது, நகல் எது என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கில் வைத்தபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. நிறம் ஒத்துவிட்டால் மற்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவளுடைய தொழில் அனுபவம். ஜாடியை முக்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்பி, குலுக்கி வைத்தாள்.

வாண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாலு பேர் மாட்டிக்கொண்டு கத்தினாலும் பதறாமல் கதவைத் திறந்துவிடுகிற ஆள். வீட்டு விஷயத்தில் மட்டும் ஊமை. அவனும் அக்கா கடைக்குப் போன பிறகு, தன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தான். அவனுக்குக் கலரும் தெரியாது, கணக்கும் தெரியாது. குத்துமதிப்பாகக் கலந்து, சரிதான் என்று கொட்டிவிடுவான்.

ஜாடி ஏற ஏற வாண்டு மாறினாள். ஸ்பூன் மறுபடி தலை தட்டியது, பிறகு குவியலானது. பல் தேய்க்கும்போது பாட்டு வந்தது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, எல்லாம் தன் கைங்கரியம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அத்தை மூடியைத் திறந்தால் பொடி கழுத்து வரை நிற்கிறது. தம்பியின் டூல் பையைக் கிளறினாள். ஸ்பானருக்கு அடியில் கோகோ பாக்கெட். அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அதை முகத்துக்கு நேரே ஆட்டினாள். அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. சிரித்து முடித்ததும்தான் அத்தைக்குப் பயம் பிடித்தது. குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், இதை எத்தனை காலம் ஓட்டுவது என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றான். அவள் விடாமல், நீ யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும்க்கா. நான் ஒண்ணும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கல. பாப்பாவுக்காகத்தான்."

அத்தை அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

அதன் பிறகு வாண்டுவுக்குக் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. எட்டு மணிக்கு வரும். பள்ளிக்கூடத்துக்கு நேரமானதும் போய்விடும். பின்கதவின் தாழ்ப்பாள் அடிக்கடி திறந்தே கிடந்தது. யார் திறந்தது என்று அத்தை கத்துவாள். ஒரு நாள் ஜாடி மூடியின் மேல் ஒரு மிட்டாய் இருந்தது. அத்தை அதைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் வாண்டு காலி மூடியைப் பார்த்துவிட்டு வீடெல்லாம் குதித்தாள். என்னடி சந்தோஷம் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல என்றாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பெயிண்ட் கடைக்கு ஃபோன் வந்தபோது அத்தை ஒரு சமையலறைப் பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு உங்கள் குழந்தை வகுப்பில் இல்லை என்றார் டீச்சர். அத்தை தம்பிக்கு ஃபோன் அடித்தாள்; லிஃப்ட் குழிக்குள் இருந்தானோ என்னவோ, லைன் கிடைக்கவில்லை. கையில் பச்சையோடு ஓடினாள். பள்ளிக்கூட வாசல், மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. யாரும் பார்க்கவில்லை என்றார்கள். வீட்டில் எதற்கும் பார்க்கலாம் என்று வந்தால், முன்கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. பின்கதவு தள்ளியதும் திறந்துகொண்டது.

சமையல் மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டரை மறைக்கும் திரைக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள்.

"போங்கத்தை. நீங்க இருந்தா அம்மா வரமாட்டாங்க."

அத்தைக்கு ஓங்கி அறைய வேண்டும் போலவும், வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தரையில் உட்கார்ந்தாள். யார் வருவாங்க என்று கேட்டாள். வாண்டு பொறுமையாக விளக்கினாள். ஜாடி தீர்வதற்குள் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். தீரவே இல்லை. அப்படியென்றால், எல்லாரும் வெளியே போன பிறகு வந்து போட்டுவிட்டுப் போகிறாள் என்றுதானே அர்த்தம்? மிட்டாய் வைத்தேன், அதையும் எடுத்துக்கொண்டாளே.

கணக்கில் பிசகே இல்லை. பெரியவர்கள் இருவரும் சேர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொடுத்த மாதிரி அவ்வளவு சரியாகப் போட்டிருந்தாள்.

தம்பி வரட்டும், அவனே சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் சொல்ல மாட்டான். இன்றும் சொல்லாவிட்டால் நாளைக்கு இவள் இதே இடத்தில் வந்து உட்காருவாள். அத்தை திரையை முழுவதும் விலக்கினாள்.

"மிட்டாயை நான்தான் தின்னேன். பவுடரை நானும் உங்கப்பாவும்தான் போட்டோம். அம்மா வரல வாண்டு. இனிமேலும் வரமாட்டா."

வாண்டு அழுவாள் என்று அத்தை கையைத் தயாராக வைத்திருந்தாள். அவள் அழவில்லை. பையின் பட்டையைத் திருகினாள்.

"நீங்க வறுக்கலையே," என்றாள் கடைசியில்.

எதை என்று அத்தைக்குப் புரியவில்லை.

"பால் பவுடரை. அம்மா முதல்ல வாணல்ல போட்டு வறுப்பாங்க. பிஸ்கட் வாசம் வர்ற வரைக்கும். இதுல அந்த வாசமே இல்ல." குரல் அப்போதுதான் உடைந்தது. "பயந்துக்கிட்டு அவசர அவசரமா போட்டுட்டு ஓடறாங்க போலன்னு நெனச்சேன். அவசரப்பட வேணாம், மெதுவா வறுத்துட்டுப் போங்கன்னு சொல்லத்தான் ஒளிஞ்சிருந்தேன்."

அத்தை அழுதுவிட்டாள். அழுதுகொண்டே குழந்தையை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வாண்டுவும் அழுதாள். வீட்டை விட்டுப் போனவளை அத்தை மனசுக்குள் திட்டாத திட்டு பாக்கியில்லை. தன்னையும் ஒரு பங்கு திட்டிக்கொண்டாள். அசலின் பழுப்பில் பாதி வறுத்ததால் வந்த பழுப்பு. அதைப் போய் கோகோவைக் கொட்டி ஈடுகட்டியிருக்கிறாள். பெரிய கலர்காரி.

டீச்சருக்கு ஃபோன் செய்து குழந்தை கிடைத்துவிட்டாள் என்று சொன்னாள். தம்பிக்கு லைன் கிடைக்கவே இல்லை. சாயங்காலம் பாலைக் காய்ச்சியபோது, ஜாடியில் இருப்பது வேண்டாம் என்றாள் வாண்டு. பிறகு, நாமே செய்யலாமா என்று கேட்டாள்.

ஸ்டூல் போட்டு அவளை அடுப்பு முன்னால் நிறுத்தினாள் அத்தை. கனமான வாணல், சின்னத் தீ. பால் பவுடர் வெண்ணெய் நிறத்துக்கு வந்ததும் போதும் என்று அத்தை கையை நீட்ட, இன்னும் இல்லை என்று வாண்டு தட்டிவிட்டாள். கை வலித்தாலும் கரண்டியைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாசம் எழுந்தது. அத்தை இந்த வீட்டில் முகர்ந்தே இராத வாசம். சமையலறையை நிறைத்து, கூடத்தைத் தாண்டி, முன்கதவு இடுக்கு வழியாகப் படிக்கட்டு வரை போயிருக்க வேண்டும்.

படியில் தடதடவென்று காலடி கேட்டது. சாவி அவசரமாகத் திரும்பியது. டூல் பை கூடத்தில் தொப்பென்று விழுந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி சமையலறை வாசலுக்கு ஓடிவந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அத்தை அவனை அப்படிப் பார்த்து வெகு காலமாகிறது.

"எப்ப வந்..." என்று ஆரம்பித்தவன், அடுப்பு முன்னால் நிற்பவர்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை என்று சொன்னவன் அவன்தான். அத்தை தீயை இன்னும் கொஞ்சம் தணித்தாள்.

வாண்டு ஸ்டூலில் நின்றபடியே திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா இல்லப்பா," என்றாள். "நாங்கதான்."

சொல்லிவிட்டு, பவுடர் அடிப்பிடித்துவிடக் கூடாதே என்று மறுபடி கிளற ஆரம்பித்தாள்.