கீழே பார்க்காதவன்

லாபிஸ் ஊருக்குப் பக்கத்துக் கற்குவாரியில் வெடிக்குத் துளை போடும் கிரகோரிக்குப் பாறை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகூட, பூசை முடிந்த கையோடு, வெறுங்காலில் எங்காவது ஏறிக்கொண்டிருப்பான். அவன் அக்காள் டொரத்தியின் புருஷன் ரபேல், நில அளவைத் துரைக்குக் கொடிக்கம்பு சுமந்து லேடாங் மலைக்குப் பலமுறை போய் வந்தவன். "என்னையும் ஒருதடவ கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்று மூன்று மாதம் நச்சரித்தான் கிரகோரி. கூட்டிப்போன அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

"மழையில கைய நம்பாத, கால நம்பு. வேரப் பிடிச்சு சுத்துப்பாதையில வா," என்றான் ரபேல்.

கேட்டால்தானே. சுற்றுப்பாதையெல்லாம் கிழவிகளுக்கு என்று சொல்லிவிட்டு, ஓடையோரப் பாறையில் நேராக ஏறினான் அந்த மகராசன். இருபதடி உயரத்தில் பாசி வழுக்கியது. வயிறு பாறையோடு ஒட்ட, அப்படியே நின்றுவிட்டான். கீழே ஓடை பெருகிக் கற்களை உருட்டிக்கொண்டிருந்தது.

டொரத்தி முகத்தில் எப்படி விழிப்பது? ரபேல் வேர்களைப் பிடித்துப் பிடித்துப் பக்கவாட்டில் அவனிடம் போய்ச் சேர்ந்தான்.

"திரும்பி உக்காரு. உக்காந்தே இறங்கிரலாம்."

"முடியாது மச்சான்."

"ஏன்டா?"

கிரகோரி கன்னத்தைப் பாறையிலிருந்து எடுக்கவில்லை. "நான் கீழ பார்த்ததே இல்ல. குவாரியிலயும் கல்ல மட்டுந்தான் பார்ப்பேன். பார்த்தா விழுந்துருவேன்."

ரபேலுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, அவனுக்கு ஒரு முழம் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மேலே இருப்பவன் சறுக்கினால் இருவரும் ஓடையில்தான். தெரிந்தேதான் உட்கார்ந்தான்.

"கீழ பார்க்காத. என் முதுகப் பாரு. மெதுவா நகரு."

கிரகோரி மெல்லத் திரும்பி உட்கார்ந்தான். பிறகு இரண்டு முழங்கால்கள் ரபேலின் விலாவில் வந்து இடித்தன. சாண் சாணாக இறங்கினார்கள்.

பாதி தூரத்தில் ரபேலின் குதிகால் பாசியில் வழுக்கியது. பிடிக்க ஒன்றுமில்லை. உடம்பு கீழே போனது. சட்டைக் காலர் கழுத்தை இறுக்கி நிறுத்தியது.

திணறிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். கிரகோரி ஒரு கையைப் பாறை வெடிப்பில் திணித்து, மறுகையால் அவனைப் பிடித்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. கண்கள் மட்டும் இமைக்காமல் கீழே, ஓடைவரை பார்த்துக்கொண்டிருந்தன.

"வலது காலுக்குக் கீழ ஒரு பள்ளம் தெரியுது மச்சான்," என்றான். "அதுல வைங்க."