குறை சொல்லாத சாப்பாடு

பாத்திரக்கடைக்காரர் முப்பத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சட்டி விற்றவர். எந்தச் சட்டி அடி பிடிக்கும், எதன் கைப்பிடி மூன்றாம் மாதமே ஆட ஆரம்பிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். வாங்க வந்தவரிடம் சொல்லமாட்டார், அது வேறு விஷயம். ஆனால் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றி உள்ளே எதை முதலில் போடுவது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. "செருப்புக்கடைக்காரன் வாங்குறவங்களுக்காக நடந்தும் குடுக்கணுமா?" என்பார்.

அப்படிப்பட்டவர் அந்த வியாழக்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு மீன் வாங்கப் போனார். மனைவிக்கு அன்றைக்கு ஐம்பத்தாறு முடிகிறது.

பிறந்தநாள் மட்டும் என்றால் ஹோட்டலில் சொல்லி நாலு பொட்டலம் வாங்கி வந்திருப்பார். அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மனைவியின் வயிற்றில் இருந்த கட்டிக்கு நாலு தடவை மருந்து ஏற்றியாயிற்று. சுருங்கியது, பிறகு மறுபடி தலைகாட்டியது. இன்னும் ஆறு தடவை ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. மனைவி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். அவர் கடையில் பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியவர்கள் யாரும் திரும்பி வந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே அவர் ஒரு கணக்குப் போட்டார். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் பேரம் படியாது. வயிறார உண்டவர் தலையசைப்பார். மூன்று மாதமாக அவள் எதைத் தின்றாலும் இரும்பை நக்குவதுபோல இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். ஆனால் மருந்து நின்ற மூன்றாம் வாரத்தில் நாக்கு திரும்பிவிட்டது. முந்தாநாள் கீழ்வீட்டுத் தையல்காரி கொடுத்த கொய்யாவைக் கடித்துவிட்டு, "கொஞ்சம் உப்புத் தூவி இருக்கலாம்" என்றாள். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. இன்றைக்குத் தன் கையால் சமைத்துப் போட்டு, சாப்பிட்டு முடித்த சூட்டோடு கேட்டு, சரி என்று வாங்கிவிடுவது.

மீன்காரி விலை சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் பையை நீட்டினார்.

"ஏண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மீன்காரி, மீனைக் கையில் வைத்துக்கொண்டே. பத்து வருஷமாக அவரோடு மல்லுக்கட்டிய பெண்.

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். போடு."

"பாதி சொல்வீங்கன்னு நினைச்சு இல்ல ரெட்டிப்பா சொன்னேன்" என்று முனகிவிட்டு, மனசு கேட்காமல் இன்னொரு துண்டை எடுத்துப் போட்டாள்.

வீட்டில் மனைவி ஜன்னலோரத்து நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். கடல் தாண்டி வேலை பார்க்கும் மகள் காலையிலேயே போனில் வாழ்த்திவிட்டாள். அப்பா சமைக்கிறார் என்று கேட்டதும், "பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குல்ல, பரவாயில்லை" என்றாளாம். அதைச் சொல்லி மனைவி சிரித்தாள். சிரித்த களைப்பில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

தையல்காரி கழுத்தில் டேப்பைத் தொங்கப் போட்டபடியே மாடிக்கு ஏறி வந்து சமையலறை வாசலில் நின்றாள். உதவ வந்ததாகச் சொன்னாள். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

"அண்ணே, அரிசிக்கு மேல ரெண்டு விரல் தண்ணி."

"யார் விரல்? உன் விரலா, என் விரலா?"

"உங்க விரல் வேணாம், அது உலக்கை. அளவா ஊத்துங்க. ஐயோ, மீனைக் கையால திருப்பாதீங்க, கரண்டி எதுக்கு இருக்கு?"

"இந்தக் கரண்டி நம்ம கடையிலேயே மட்டமான சரக்கு. வளையும்."

"தெரிஞ்சேதான் போன மாசம் எனக்கு வித்தீங்களா?"

மீன் ஒரு பக்கம் கருகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. அடி பிடிக்கவே பிடிக்காது என்று ஆயிரம் பேருக்குச் சத்தியம் செய்து விற்ற சட்டி அது. கோழி சூப் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் எப்படியோ உருப்படியாக வந்தது. தையல்காரி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, "அட" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு நீங்க பிழைச்சீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது நாக்கைச் சுட்டதுபோலச் சட்டென்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு அவர் சிறிய மேசையை நாற்காலியின் முன்னால் இழுத்துப் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த புதுத் தட்டை வைத்தார். முதலில் சூப்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்குங்க."

அவருக்கு உள்ளுக்குள் பூரித்தது. சோறு குழைந்து கஞ்சிக்குப் பக்கத்தில் போயிருந்தது. "எனக்கு இப்படி இருந்தாத்தான் இறங்குது. சரியா இருக்கு." மீனின் கருகிய பக்கத்தைக் கீழாக வைத்துப் பரிமாறினார். பழைய வித்தைதான், ஓட்டை விழுந்த பாத்திரத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பதுபோல. அவள் திருப்பிப் பார்த்தாள். "மொறுமொறுன்னு நல்லா இருக்கு" என்று அதையும் தின்றாள்.

அப்போதுதான் அவருக்கு எதுவோ இடறியது.

இவளை அவர் முதன்முதலில் பார்த்ததே கடையில்தான். அத்தையோடு வந்து ஒரு சட்டியை எடுத்து, பதினோரு குறை சொன்னாள். அடி மெல்லிசு, வாய் கோணல், மூடி உட்காரவில்லை, பளபளப்பைப் பார்த்தால் பழைய சரக்கைத் தேய்த்த மாதிரி இருக்கிறது. அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். எட்டாவது குறையில் விலையை இறக்கினார், பதினோராவதில் பெண் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வழக்கம்தான். அவர் காய் வாங்கி வந்தால் அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொத்தை சொல்வாள். அவள் சமைத்துப் போட்டால் அவர் காரம், புளிப்பு, கொஞ்சம் வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை போட்டுக்கொள்வார். கேட்பவர்கள் இந்த வீட்டில் சண்டை ஓயாது என்று நினைத்தார்கள். இருவருக்கும் அதில் ஒரு நாளும் மனம் நொந்ததில்லை.

இன்றைக்குக் கருகின மீனும் நல்லா இருக்கிறது, குழைந்த சோறும் நல்லா இருக்கிறது.

ஒருவேளை நாக்கு திரும்பவில்லையோ என்னவோ. அப்படியானால் பரவாயில்லை, அதற்கு மருந்து இருக்கும். அவர் சமையலறைக்குப் போய், நன்றாக வந்திருந்த அந்த ஒரே பதார்த்தத்தில், உருளைக்கிழங்கில், ஒரு கரண்டி உப்பைக் கொட்டிக் கிளறினார். கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். அவளுடைய கண் ஓரம் சுருங்கியது. பாதி நொடிதான். முகத்தை வைத்தே விலை சொல்லிப் பிழைத்தவருக்கு அந்தப் பாதி நொடி போதும்.

"நல்லா இருக்குங்க" என்றாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றார். வாய் கூசி, கண்ணில் நீர் வந்தது.

"இது நல்லா இருக்கா?" என்றார்.

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"மாட்டுக்கு வச்சாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கும். இது நல்லா இருக்கா? பதினோரு குறை சொன்னவளாச்சே நீ."

"அது வாங்க வந்தப்போ."

"இப்போ?"

"குறை சொன்னா நாளைக்கு நீங்க அடுப்புப் பக்கம் வரமாட்டீங்க" என்றாள் மனைவி. தண்ணீர் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். "உங்களை எனக்குத் தெரியாதா? ஒரு சொல் சொன்னாப் போதும், எனக்கு வராதுன்னு ஹோட்டலுக்குப் போய் நின்னுடுவீங்க. அந்த எண்ணெயைத் தின்னு உங்க வயிறு என்ன ஆகும்? மீன் இன்னிக்குக் கருகிருச்சு, நாலு தடவை செஞ்சா வந்துரும். அதுவரைக்கும் நல்லா இருக்குன்னு யாராவது சொல்லணுமில்ல."

அவர் நின்றபடியே நின்றார். வாங்க வருகிறவர்தான் குறை சொல்வார். புகழ்கிறவர் விற்கிறவர். அவளிடம் ஒரு சரியை வாங்கிவிடலாம் என்று காலையிலிருந்து அவர் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தார். அவளோ சூப்பிலிருந்து தொடங்கி, அந்த அடுப்பையே அவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு தடவை வேணாம்" என்றார் அவர். குரல் கடைக்குரலாக வந்தது, அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. "டாக்டர் அப்படித்தான் சொல்வார். நான் பேசிக்கிறேன். நாலு."

அவள் பார்த்தாள்.

"மூணு. மூணு ஏத்திட்டு, பிடிக்கலைன்னா விட்டுடலாம். பாதியில எழுந்து வந்துடலாம், யார் கேக்கப் போறா."

"என்னங்க."

"சரி, ரெண்டு. ரெண்டே ரெண்டு. நானே தூக்கிட்டுப் போய் தூக்கிட்டு வரேன்."

"இப்படி நீங்களாவே இறங்கிட்டே வந்தா கடை என்னத்துக்கு ஆகும்?" என்று சிரிக்கப் பார்த்தாள். "எதிர்ல நிக்கிறவ ஒரு விலையாவது சொல்லணும்ல."

"சொல்லேன். நீயே சொல்லு."

அவள் விலை சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தேடுவதுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மருந்து ஏத்தினா மூணு வாரத்துல நாலு நாள்தான் நான் மனுஷியா இருக்கேன். மிச்ச நாள் குளியலறைத் தரைதான். அங்க கிடக்கும்போது உங்க முகம்கூட எனக்கு வேண்டியிருக்கலை, தெரியுமா? கதவைச் சாத்திட்டுப் போங்கன்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன். ஏத்தலைன்னா மூணு மாசமோ நாலு மாசமோ. ஆனா முழுசா இருக்கேன். இங்கேயே உக்காந்துகிட்டு, பருப்பு எப்ப இறக்கணும்னு சொல்லுவேன்."

"எனக்குப் பருப்பு வேணாம்."

"வேணும்."

"சமையல் கத்துக்கவா நான் அடுப்புக்குப் போனேன்? உன்னை..." அவரால் முடிக்க முடியவில்லை. தன் கணக்கில் எங்கே பிழை என்று தேடினார். பிழை இல்லை. எதிராளி சரக்கைத் தொடவே மறுத்துவிட்டால் எந்த வியாபாரி என்ன செய்ய முடியும்? விலையை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம், இலவசமாகக்கூட நீட்டலாம். வாங்காத கையைத் திறக்க எந்த வித்தையும் அவருக்குத் தெரியாது.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். டாக்டரின் அறை எண்ணை அவளே அழுத்தினாள். அவர் தடுக்க ஒரு அடி வைத்தார். அவள் இடது கையைச் சற்றே உயர்த்தினாள், அவ்வளவுதான். அவர் நின்றுவிட்டார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றாள் போனில், தெரியாதவர்களிடம் பேசும் தன் மரியாதைக் குரலில். "திங்கட்கிழமை மருந்து ஏத்த வச்சிருந்த இடம் எனக்கு வேணாம். யாராவது காத்துட்டு இருந்தா அவங்களுக்குக் குடுத்துடுங்க. இல்லம்மா, யோசிச்சுத்தான். டாக்டர்கிட்ட நான் நேர்ல வந்து சொல்றேன்." மறுமுனையில் அந்தப் பெண் எதையோ கேட்டாள். "ஐயோ, உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஆமா, பிறந்தநாள் இன்னிக்குத்தான். ரொம்ப நன்றி. வீட்லதான், அவர் சமைச்சிருக்கார்."

போனை வைத்துவிட்டாள். உப்புக் கரித்த உருளைக்கிழங்குத் தட்டைக் கையால் ஓரமாக நகர்த்தினாள்.

"உக்காருங்க. காலையிலேர்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிடலை. மீன் ஆறுது."

அவர் உட்கார்ந்தார். அவளே சோற்றைப் போட்டு, இருந்ததில் குறைவாகக் கருகிய துண்டைத் தேடி எடுத்து வைத்தாள். கை தளர்ந்து கரண்டி தட்டில் இடித்தது. அவர் பிசைந்தார், வாயில் வைத்தார், மென்றார். விழுங்க வராததை விழுங்கினார். அழுகை மூக்கில் வந்து நின்றது. அதைத் துடைக்க இடது கையைத் தூக்கினார்.

புதிதாக வந்த ஆளை முதல் நாள் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, எட்ட நின்று கவனிக்கும் முதலாளியைப் போல, அவர் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.