தலையணைக்கடியில் கரண்டி

இப்படிக் கிட்டே வாருங்கள், செல்வங்களே. அந்தக் கம்பளியை ஆளுக்கொரு முனையாக இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். வருகிறேன், வருகிறேன் என்று ஊரையே ஆட்டிவைத்துவிட்டுக் கடைசியில் வராமலே போன ஒரு பனியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வராத பனிக்கு என்ன கதை இருக்கப் போகிறது என்று கேட்காதீர்கள். வந்த பனியைவிட அதற்குத்தான் கதை அதிகம்.

நம் பென்சில்வேனியாவில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆர்லீன் என்று ஓர் அம்மாள் இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் டேரன். வேலைக்கென்று டெக்சஸின் தெற்கு மூலைக்குப் போனவன், அங்கேயே யெசெனியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். கல்யாணமும் அந்தப் பக்கமே நடந்தது. ஆர்லீன் போய் வாழ்த்திவிட்டு மறுநாளே திரும்பிவிட்டாள். மருமகள் இந்த வீட்டு வாசலை முதன்முதலாக மிதித்தது இந்த ஜனவரியில்தான். சனிக்கிழமை வந்தார்கள். திங்கட்கிழமை பகல் விமானத்துக்கே திரும்பச் சீட்டு எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒரு பெண்ணின் முகத்தைப் பழகுவதற்கு இது போதுமா, சொல்லுங்கள்? ஆர்லீனுக்குப் போதவில்லை. ஆனால் இருங்கள் என்று வாய்விட்டுக் கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. கேட்டு, அவர்கள் சங்கடப்பட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதைத் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

அப்போதுதான் தொலைக்காட்சியில் டை கட்டிய வானிலைக்காரர் கையை வீசி வீசிச் சொன்னார்: ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் முழுக்க முழங்காலுக்கு மேல் பனி, அவசர வேலை இல்லாதவர்கள் வெளியே வர வேண்டாம், விமானங்கள் ஓடுவது சந்தேகம்.

ஆர்லீனின் நெஞ்சு துள்ளியது. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டாள்.

ஊரே கடைக்கு ஓடியது. பனி என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் வாங்கியாக வேண்டும். ஏன் பால், ஏன் ரொட்டி, ஏன் முட்டை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆர்லீனும் கை கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எத்தனை ரொட்டிம்மா! யாருக்குக் கல்யாணம்?" என்றான் டேரன்.

"பனி வருதுடா."

"போன வருஷமும் இப்படித்தான் வருதுன்னாங்க. வந்துச்சா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

யெசெனியா எழுந்து வந்து பைகளை வாங்கினாள். "நான் எடுத்து வைக்கறேன், மேடம்."

மேடம்! வந்ததிலிருந்து இதுதான். காபி குடிக்கறியா என்றால் ஆமா மேடம். குளிருதா என்றால் இல்லீங்க மேடம். எங்கள் பக்கத்தில் வங்கியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். இவள் என்னை மாமியாராகப் பார்க்கிறாளா, கவுண்டரில் நிற்கிற ஆளாகப் பார்க்கிறாளா என்று ஆர்லீனுக்கு உள்ளே குத்தியது.

அதோடு அந்தப் பெண்ணுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கைப்பேசிக்குமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், நிஜமாவே விமானம் நின்னு போயிடுமா?"

ஐயோ, ஊருக்குப் போக முடியாதோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தாள் ஆர்லீன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "கவலையே படாதேம்மா. எங்க ஆளுங்க ஓடுபாதையைத் துடைச்சு வெச்சிடுவாங்க. உன்னை எப்படியாவது அனுப்பி வெச்சிடுவோம்" என்றாள்.

"ஓ… சரிங்க மேடம்." ஒரு பெருமூச்சு வந்தது. அது நிம்மதிப் பெருமூச்சு என்றே ஆர்லீன் எடுத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கோழியும் சோளமும் போட்ட சூப். யெசெனியா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, எலுமிச்சைப் புளிப்பும் மிளகாயும் கலந்த பொடியைத் தூவிக்கொண்டாள். ஆர்லீன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். என் சூப்பும் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

படுக்கப் போகும்முன் ஆர்லீன் ஒரு காரியம் செய்தாள். சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பனி விடுமுறை கிடைக்க வேண்டும் என்றால் இரவு உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு, ஐஸ் கட்டிகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டுப் படுப்பார்கள். டேரன் சின்னவனாக இருந்தபோது செய்ததைப் பார்த்து, "உனக்குப் பைத்தியமாடா" என்று கேட்டவள் இதே ஆர்லீன்தான். இன்று அவளே நைட்டியைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். ஒரு தேக்கரண்டியைத் தலையணைக்கடியில் செருகினாள். ஐஸ் எடுக்கப் போனால், தட்டில் பாதிதான் இருந்தது. டேரன் எதையோ குடிக்கப் போட்டிருப்பான் என்று நினைத்து, மீதியைக் கொண்டுபோய்ப் போட்டு இழுத்துவிட்டாள்.

விடிந்ததும் திரையை விலக்கினாள்.

ஒரு துளி இல்லை. புல் பச்சையாக இருந்தது. தெரு மழையில் நனைந்த மாதிரி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். வானம் கழுவித் துடைத்த நீலம். புயல் கடல் பக்கம் திரும்பிவிட்டதாம். அதே டை கட்டியவர், அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்லீன் நைட்டிக்கு மேல் நீளமான மேலங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பனி விழுந்தால் தெருவை வழித்துக் காசு பார்க்கும் பக்கத்து வீட்டு மெர்வின், முன்பக்கம் பனி வழிக்கும் இரும்புத் தகடு மாட்டிய தன் லாரிக்குள் உட்கார்ந்து, தெருவை முறைத்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெர்வின், தெருவை வழிச்சாச்சா?"

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே, ஆர்லீன். அந்த டைக்காரன் என் கையில கிடைச்சா அவனைத்தான் வழிக்கப் போறேன்."

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குக்கு வேலைக்குப் போறேன். அங்க ஐஸைச் சீவற வண்டியாவது என்னை ஏமாத்தாது." தகடு தரையில் உராய, முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

ஆர்லீனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சரி, போகிறவர்களைப் பட்டினியாகவா அனுப்புவது? மிச்ச சூப்பைச் சூடாக்கி வழிக்கு ஃபிளாஸ்கில் ஊற்றலாம் என்று பார்த்தால் பெரிய சூப் கரண்டியைக் காணோம். இழுப்பறையில் இல்லை, தொட்டியில் இல்லை. கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்த யெசெனியாவிடம் கேட்டாள்.

"சூப் கரண்டியைப் பார்த்தியாம்மா?"

யெசெனியாவின் முகம் சிவந்தது. "க… கரண்டியா, மேடம்?"

மாடிப்படியில் பெட்டி இடிபடும் சத்தம். டேரன் இறங்கி வந்தான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சூப் கரண்டி.

"அம்மா, இது ஏன் என் தலைமாட்டுல இருக்கு? ராத்திரி பூரா பாறைமேல படுத்த மாதிரி இருந்துச்சு!"

யெசெனியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நீதானே சொன்னே, ஸ்பூன் வெச்சா பனி வரும்னு?"

"ஸ்பூன்னு சொன்னேன். இதைப் பார்த்தா உனக்கு ஸ்பூன் மாதிரியா இருக்கு?"

"நிறையப் பனி வேணும்னு நினைச்சேன்! அதான் இருக்கறதுலயே பெரிசா பார்த்து எடுத்தேன்."

ஆர்லீன் அடுப்பை அணைத்தாள். "அந்த ஐஸ்?"

"பாதித் தட்டு போட்டேன், மேடம். மீதி உங்களுக்கு வேணுமேன்னு விட்டுட்டேன்."

"அந்த மீதியைப் போட்டது நான்தான்" என்று சொல்லி, ஆர்லீன் மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நைட்டியின் தையலெல்லாம் வெளியே தெரிந்தது. யெசெனியா வாயைப் பிளந்தாள். பிறகு ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். அவளுடைய பைஜாமாச் சட்டையின் பை, காது மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சூப் பாத்திரத்தின் மூடியே நடுங்கியது.

"உனக்கு எதுக்கும்மா பனி? ஊருக்குப் போகத் துடிச்சியே."

"நானா? விமானம் நின்னு போகாதான்னு துடிச்சேன். பனியைத் தொட்டதே இல்ல, மேடம். அதோட…" குரல் இறங்கியது. "ரெண்டு நாள் பத்தல. நீங்கதான் அனுப்பி வெச்சிடுவோம்னு சொல்லிட்டீங்க. எப்படா கிளம்புவாங்கன்னு இருக்கீங்களோன்னு நினைச்சேன்."

"அடக் கடவுளே! நீதான் என்னை மேடம், மேடம்னு எட்ட நிறுத்தினே."

"ஐயோ, எங்க ஊர்ல பெரியவங்களை அப்படித்தான் கூப்பிடணும். பேர் சொன்னா எங்கம்மா செருப்பைக் கழட்டி எறிவாங்க. குறி தப்பவே தப்பாது."

"அப்ப அந்த மிளகாய்ப்பொடி?"

"அது மாம்பழத்துக்கும் போடுவேன், மேடம். பிடிச்சதுக்குத்தான் போடுவேன்."

விமானத்துக்கு நேரம் நெருங்கியது, பனியோ வந்தபாடில்லை. அப்போது மெர்வின் நினைவுக்கு வந்தார்.

"கோட்டைப் போடு. பைஜாமாவோடயே வா. டேரன், பெட்டியை வண்டியில ஏத்து."

விமான நிலையம் போகிற வழியில்தான் ஸ்கேட்டிங் அரங்கு. அதன் பின்புறம், சுவர் நிழலில், தினமும் சீவி எடுத்த ஐஸ் தூளைக் கொட்டிக் கொட்டி ஆள் உயரத்துக்குக் குவியல். ஒரு பக்கம் அழுக்கு. மறுபக்கத்தில் மெர்வின் அப்போதுதான் ஒரு வண்டி புதுசாகக் கொட்டிக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் அது கண்ணைக் கூசவைத்தது.

"பனி வேணும்னு கேட்டு வந்திருக்கோம், மெர்வின்!"

"அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்களே! மொத்தத்தையும் எடுத்துட்டுப் போங்க!"

யெசெனியா கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டாள். கை நிறைய அள்ளினாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள், ஒரு துளி தின்றும் பார்த்தாள். டேரன் முதுகில் முதல் உருண்டையை வீசினாள்; தாயின் குறி மகளுக்கும் இருந்தது. அவன் திருப்பி வீச, அது மெர்வினின் தொப்பியைத் தட்ட, அவர் பழி தீர்க்க இறங்கி வந்தார்.

ஆர்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக ஒருநாளைப் பிடித்து வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"யெசெனியா, நேரமாச்சும்மா. இப்பக் கிளம்பினாத்தான் விமானம்."

யெசெனியா அவளையே பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்குக் காது கேக்கல, மேடம்."

"நேரமாச்சுன்னேன்!"

"என்னது? இன்னொரு நாள் இருங்கன்னா சொல்றீங்க?"

ஆர்லீன் வாயைத் திறந்தாள். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கடைசியில் வெளியே வந்தது. "ஆமாடி! இருந்துட்டுப் போ!"

"அது நல்லாக் கேக்குது" என்றாள் யெசெனியா. அடுத்த உருண்டை நேராக மாமியாரின் தோளில் வந்து உடைந்தது.

அங்கிருந்தே யெசெனியா, தான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். "சார், நாளைக்கு வர முடியாது. இங்க பென்சில்வேனியாவுல பனி. பொய்யா? முழங்கால் வரைக்கும் பனியில நிக்கறேன் சார்!" அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அன்று ராத்திரி ஆர்லீன் வாங்கி வைத்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் முக்கி முக்கி வாட்டினாள். பால் எதற்கு, ரொட்டி எதற்கு, முட்டை எதற்கு என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. மெர்வினும் வந்து தின்றார். யெசெனியா அதிலும் மிளகாய்ப்பொடியைத் தூவினாள். ஆர்லீன் தன் தட்டையும் அவள் பக்கம் நீட்டினாள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் காது இப்படி நல்ல சமயம் பார்த்து மந்தமாகட்டும், செல்வங்களே. உங்கள் அடுப்பங்கரையில் ரொட்டியும் பாலும் முட்டையும் குறையாமல் இருக்கட்டும். வானம் கொடுக்க மறந்ததை உங்கள் வீட்டு மனிதர்கள் உங்களுக்குக் கொடுக்கட்டும்.