பாம்சே வெளியே வந்த நேரம்

1989 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹோல்கரின் காரை ஓட்டிக்கொண்டு பிராண்டேயிலிருந்து புறப்பட்டேன். அவர் பக்கத்தில் இருந்தார். பின் இருக்கையில் பட்டி போட்டு இறுக்கிய மரப்பெட்டிக்குள், வைக்கோலில், அவருடைய இரண்டு பெரற்றுகள். கீரியைப் போல நீண்ட உடம்பும் குட்டைக் காலும் உள்ள பிராணி. வெள்ளை ஆணுக்குப் பாம்சே என்று பெயர். மண்ணிறப் பெண்ணுக்கு லில்லே. போனது ஃபானோத் தீவுக்கு. அங்கே அவருக்கு ஒரு சின்ன மரவீடு இருந்தது. சுற்றியுள்ள மணல்மேடுகளில் முயல் நிறைய.

ஹோல்கருக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் கந்தோரில் வேலை. தனி ஆள். அகதிகளுக்கு உதவும் தொண்டர் குழுவில் இருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் நான் இந்த டேனிஷ் ஊருக்கு அகதியாக வந்தபோது என்னை அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். இப்போது இடது கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கட்டுப் போட்டிருந்தார். ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னார்.

புறப்படும்போது மாடிப்படியில் சிவபாலன் எதிர்ப்பட்டான். எங்கள் கதவுகள் எதிரெதிரே. நெசவாலையிலும் ஒரே பகுதியில்தான் வேலை.

"எங்கை வெளிக்கிட்டாய்?"

"ஃபானோவுக்கு. ஹோல்கரோடை. பெரற்றுகளும் வருகுது."

"மச்சான், சனம் மனிசி பிள்ளையளோடை லீவுக்குப் போகுது. நீ கீரிப்பிள்ளையளோடை போறாய்." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "அந்தாளோடை என்னண்டடா உன்னாலை போகேலுது? அந்தாள் சொன்னதைக் கேட்டுத்தானே..."

"அதுக்காகத்தான் போறன்."

அவன் படியில் ஒதுங்கி வழிவிட்டான்.

எண்பத்தேழு செப்டெம்பரில் சிவபாலனும் நானும் எங்கள் மனைவிமாரைக் கூப்பிட ஒரே ஏஜென்சியைப் பிடித்திருந்தோம். கிழக்கு பேர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில். ஹோல்கர் அதைக் கேள்விப்பட்டு என் அறைக்கு வந்தார். கள்ள வழி வேண்டாம் என்றார். உனக்கு அகதி அந்தஸ்து இருக்கிறது, மனைவியைக் கூப்பிடுவது உன் உரிமை, அவள் விசாவோடு விமானத்தில் முன்வாசலால் வரட்டும், மூன்று மாதம் பொறு என்றார். விண்ணப்பத்தை அவரே நிரப்பித் தந்தார். சிவபாலன் கேட்கவில்லை. நான் கேட்டேன். டிசம்பரில் சிவபாலனின் மனைவி வந்துவிட்டாள். என் மனைவி விமலராணி ஊரில், சுன்னாகத்திலேயே இருந்தாள்.

ஒவ்வொரு திங்களும் ஹோல்கர் எனக்காகக் குடிவரவுக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்பார். பரிசீலனையில் இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு வைப்பார். அப்படிப் பதினான்கு மாதம். அடுத்த டிசம்பரில் அவளுக்கு வயிற்றுக்குத்து. குடல்வால். இரவு முழுக்க ஊரடங்கு. விடிந்த பிறகு சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது.

அவள் செத்து ஆறு மாதத்துக்குப் பிறகு, எண்பத்தொன்பது யூனில், அவளுக்கு அனுமதி வழங்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. அதற்குள் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்துவிட்டது. தமிழர்களின் விண்ணப்பங்களை அமைச்சின் உத்தரவில் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஹோல்கர் பத்திரிகையோடு வந்து என் கட்டிலில் இருந்து அழுதார். தனக்குத் தெரியாது என்றார். அதை நம்பினேன். நம்பியதால் ஒன்றும் மாறவில்லை. அந்தக் கோப்புகளை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியாது. ஹோல்கரைத் தெரியும்.

காரில் பெரற் வாடை. கஸ்தூரியும் மூத்திரமும் கலந்த மாதிரி. கண்ணாடியை இறக்கினேன்.

"ஓடுற கார் எண்டால் நித்திரை கொள்ளுவினம்," என்றார் ஹோல்கர். "நிப்பாட்டினால்தான் தொல்லை." அவர் டேனிஷில் பேசியதைத்தான் இப்படி எழுதுகிறேன்.

கிரின்ட்ஸ்டெட் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டுக்கும் தோள்பட்டி மாட்டிப் புல்லில் நடக்கவிட்டார். தண்ணீர் காட்டினார். பாம்சே அவருடைய கம்பளிச் சட்டையின் கைக்குள் புகுந்து கழுத்தால் தலை நீட்டியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உனக்கும் ஒண்டு பிடிச்சுத் தரட்டோ, ரட்ணம்? வீட்டிலை ஒரு துணை."

"வேண்டாம்."

"கோவமோ என்னிலை?"

"இல்லை."

அது பொய். ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரிக் கோபமும் இல்லை. அவர் எதற்காவது காத்திருந்து பார்க்கவேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். எது, எப்படி என்று அப்போது தெரியாது.

எஸ்பியாவில் படகில் காரை ஏற்றினோம். பன்னிரண்டு நிமிடத்தில் தீவு.

சனிக்கிழமை காலை முயல் பிடிக்கப் போனோம். ஒரு மணல்மேட்டில் ஏழெட்டுப் பொந்துகள். ஒவ்வொன்றின் வாயிலும் சின்ன வலை விரித்து முளை அடித்தார். ஒன்றுக்குள் பாம்சேயை விட்டார். உள்ளே பெரற்றைக் கண்ட முயல் வெளியே ஓடிவந்து வலையில் சிக்கும். அரை மணித்தியாலத்தில் இரண்டு சிக்கின. கழுத்தைத் திருகி ஓரமாகப் போட்டார். மூன்றாவது தடவை உள்ளே போன பாம்சே வரவில்லை.

பதினொரு மணி. பன்னிரண்டு. ஹோல்கர் மணலில் குப்புறப் படுத்துப் பொந்துக்குக் காது கொடுத்தார்.

"உள்ளுக்கையே கொண்டுபோட்டான். திண்டிட்டுப் பக்கத்திலை படுத்திருப்பான்."

"இப்ப என்ன செய்யிறது?"

"காத்திருக்கவேணும். விட்டிட்டுப் போகேலாது. வெளியிலை வந்து ஒருதரும் இல்லையெண்டால் எங்கையாவது போயிடுவான். வளர்த்த பிராணி. குளிருக்கும் நரிக்கும் தப்பமாட்டான்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பின்பக்கத்திலை நில். அங்கையும் ஒரு வாய் இருக்கு."

பின்பக்கம் போய் நின்றேன். எங்களுக்கு நடுவே ஆளுயர மணல்மேடு. அவருடைய குரல் மட்டும் கேட்டது. பொந்துக்குள் பாம்சே, பாம்சே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு அது என் பக்கத்தால் வந்தது. மூக்கில் இரத்தம், உடம்பெல்லாம் மணல். கொட்டாவி விட்டது. குனிந்து தூக்கினேன். சூடாக இருந்தது. எதிர்க்கவில்லை. என் ஜக்கெற்றுக்குள் தானாகப் புகுந்து சுருண்டது.

வாயைத் திறந்தேன். ஒரு சொல் போதும். மேட்டுக்கு அந்தப்பக்கம் அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயை மூடினேன்.

கார் நூறடி தள்ளி வண்டிப்பாதையில் நின்றது. லில்லேக்குக் குளிர்கிறது என்று அவளை முன்னமே அங்கே பெட்டியில் விட்டிருந்தோம். பாம்சேயை அவளோடு விட்டு மூடியைப் பூட்டினேன். திரும்பி ஹோல்கரிடம் வந்தேன்.

"வந்தானோ?"

"இல்லை."

"லில்லே?"

"நித்திரை."

தலையாட்டிவிட்டு மறுபடி பொந்தைப் பார்த்தார்.

அன்றிரவு அவர் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. போர்வையும் கோப்பியும் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாறி இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், என் குரலைத்தான் அவனுக்குத் தெரியும் என்றார். நான் மரவீட்டில் பெட்டியைத் திறந்து இரண்டுக்கும் முயல் ஈரல் போட்டேன். பிறகு படுத்தேன். பத்து மாதத்தில் முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன்.

ஞாயிறு மத்தியானம் எனக்குத் திரும்பவேண்டும். திங்கள் காலை வேலை. ஹோல்கரின் கண்கட்டில் மணல் ஏறியிருந்தது. தாடி வெள்ளையாக முளைத்திருந்தது.

"நீ காரைக் கொண்டு போ. லில்லேயைப் பாத்துக்கொள். எனக்கு இன்னும் மெடிக்கல் லீவு கிடக்கு. அவன் வந்தாப்போலை பஸ்ஸிலை வாறன்."

"வராட்டில்?"

"வருவான். எனக்குத் தெரியும்."

அந்தக் குரலில் முன்னர் ஒருமுறை எனக்கு நம்பிக்கை தந்திருக்கிறார். காரை எடுத்தேன். படகில் பெட்டிக்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. பக்கத்துக் காரில் இருந்த பிள்ளைகள் கண்ணாடியால் பார்த்துச் சிரித்தார்கள். காரை ஹோல்கரின் வீட்டு வாசலில் விட்டு, பெட்டியை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

திங்கள் பின்னேரம் துறைமுகத்து ரெலிபோன் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"இன்னும் இல்லை. ஒரு கிழவனைப் பொந்துக்குப் பக்கத்திலை இருத்திப்போட்டு ஓடி வந்தனான்."

"சரி."

செவ்வாயும் எடுத்தார். மழை. பொந்துக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறாராம். பாம்சே என் சப்பாத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

சிவபாலன் உப்புக் கேட்டு வந்து இரண்டையும் கண்டான்.

"அந்தாள் ஒண்டைத் துலைச்சிட்டு நிக்கிறார் எண்டாய்?"

"ஓம்."

அவன் வெள்ளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இது சரியில்லையடா."

"உன்ரை மனிசி சமைச்சுக்கொண்டு நிக்கிறா. உப்பைக் கொண்டு போ."

கொண்டு போனான். அன்று வழமைபோலச் சாப்பாடு தரக் கதவைத் தட்டவில்லை.

புதன்கிழமை ஹோல்கரின் குரல் அடைத்திருந்தது. காற்றுச் சத்தம் கேட்டது.

"ரட்ணம், நான் இப்ப கூப்பிடுறதும் இல்லை. சும்மா இருந்து பாக்கிறன். அஞ்சு நாள். நீ பதினாலு மாதம் எப்பிடி இருந்தாய்?"

"இருக்கேல்லை. வேலைக்குப் போனன்."

"நான் உன்னட்டை ஒருநாளும் அதைக் கேக்கேல்லை."

"இல்லை."

"அவன் செத்திருந்தால் ஆராவது வந்து சொன்னால் காணும். எழும்பிப் போயிடுவன்."

இரண்டு கிழமையாவது வைத்திருப்பது என்று திங்கள் நினைத்திருந்தேன். ஆனால் காத்திருந்தது மட்டும் அவருக்குப் போதாது. காத்திருந்தது வீண் என்று தெரியவேண்டும். எனக்கு அதைப் பத்திரிகைதான் சொன்னது. அவருக்கு நான் சொன்னேன்.

"பாம்சே என்னட்டை இருக்கு."

"எப்ப வந்தவன்? எங்கை?"

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு. என்ரை பக்கத்தாலை வந்தது. நீங்கள் கூப்பிட்டுக்கொண்டு இருந்தனீங்கள். காருக்கை வைச்சனான்."

காசு தீரும் சத்தம் கேட்டது. அவர் இன்னொரு காசு போட்டார். பிறகு, "சாப்பிடுறானோ?" என்றார்.

"ஓம்."

வைத்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டட வாசலில் நின்றார். அதே உடுப்பு. காய்ந்த மணல். மேலே வரமாட்டேன் என்றார். பெட்டியையும் கார்த் திறப்பையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஏசினால் சொல்வதற்கு ஒரு வசனம் வைத்திருந்தேன். உங்களுக்கு உங்களுடையது உயிரோடு கிடைத்துவிட்டது என்று. அவர் ஏசவில்லை.

"நான் இனி இங்கை வரமாட்டன்," என்றார்.

"சரி."

வெள்ளிக்கிழமைகளில் வெளியிலிருந்து வந்து என் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்தான்.

மூடியைத் திறந்தார். பாம்சே ஒரே பாய்ச்சலில் அவருடைய கம்பளிக் கைக்குள் புகுந்து கழுத்தால் தலை நீட்டி நாடியை நக்கியது. அவருக்குச் சிரிப்பு வந்தது. முகம் முழுவதும் வந்தது. அப்போது என்னைக் கண்டார். பாதியில் நிறுத்தி, உதட்டை இறுக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் வீட்டுக்கு ஏழு நிமிட நடை. தபால் பெட்டியடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வாசலில்தான் நின்றேன். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை நின்றேன். அதுவரைக்கும் அவரால் சிரிக்கமுடியாது.